முதல் இருபது நிமிடம் நான் தூங்கிவிட்டேன்

ஜப்பானில் ஆறு வருஷம் இருந்தும் ஒரு அனிமே படம்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்று ஊருக்குப் போனபோது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா பையன் என்னைத் திருப்பதிக்குப் போய் லட்டு வாங்காமல் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தான். என்ன செய்ய, கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது போட்டுவிடுகிற சமாச்சாரம் என்கிற எண்ணம் 45 வயது வரை எனக்குப் போகவில்லை. போன வருஷம்தான் போனது. அதற்குக் காரணம் ஒரு நாற்காலி.

நாங்கள் இருப்பது டோக்கியோவின் கிழக்கே எதொகாவா வட்டாரத்தில், நிஷி கசாய். 2000 பிறக்கும்போது கணினியெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்ததே, அந்தச் சமயத்தில் வேலைக்கு வந்த இந்தியர்கள் தங்க ஆரம்பித்த இடம். தோசை மாவு கிடைக்கும், கறிவேப்பிலை கிடைக்கும். ஆனால் மகளை இந்தியப் பள்ளியில் போடவில்லை, மூன்றாம் வகுப்பிலிருந்தே வட்டார அரசுப் பள்ளிதான். போன வருஷம் நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு, நம் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு.

இந்த ஒன்பதாம் வகுப்பு என்பது இங்கே லேசுப்பட்டதில்லை. கட்டாயக் கல்வி இதோடு முடிகிறது, மேல்நிலைப் பள்ளிக்குத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். டோக்கியோவின் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் நுழைவுத் தேர்வுக்கு 700, நடுநிலைப் பள்ளி கொடுக்கிற மதிப்பீட்டுக்கு 300. அந்த 300-ஐ முடிவு செய்வது மூன்றாம் ஆண்டின் இரண்டாம் பருவம், செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை. அந்த நான்கு மாதம் வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட எல்லோரும் திடுக்கிட்டுப் பார்ப்போம்.

ஜூலையில் ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரும் உட்கார்ந்து பேசுகிற கூட்டம் நடந்தது. எந்தப் பள்ளி என்று ஆசிரியர் கேட்டார். மகள் என்னைப் பார்க்காமலே, மரவேலை சொல்லிக்கொடுக்கிற தொழிற்பள்ளி ஒன்றின் பெயரைச் சொன்னாள். அங்கே மேசை நாற்காலி வடிவமைத்துத் தானே செய்யக் கற்றுக்கொடுப்பார்களாம். நான் ஆசிரியருக்குப் புரியாது என்கிற தைரியத்தில், சிரித்த முகத்தோடு தமிழில், “தச்சு வேலைக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றேன். ஆசிரியருக்குப் புரியவில்லை. புரிந்தவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

சனிக்கிழமை காலைகளில் சமூகக் கூடத்தில் தன்னார்வலர்கள் நடத்துகிற ஜப்பானிய வகுப்புக்குப் போகிறேன். எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் எழுபது தாண்டிய அம்மா. அந்த வாரம் என்ன நடந்தது என்று கேட்பார், நான் உடைந்த ஜப்பானியத்தில் சொல்ல வேண்டும், அதுதான் பயிற்சி. மகள், நாற்காலி, செய்ய, ஆசை, நான், கவலை. இவ்வளவுதான் எனக்கு வந்தது. “ஹோ...” என்று நீளமாக இழுத்துக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு காகிதப் பையில் டிவிடி கொடுத்தார். குடும்பத்தோடு பாருங்கள் என்றார். கேட்கும் பயிற்சிக்காகத்தான் கொடுக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை என்பது ஆறு வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படத்தின் ஜப்பானியப் பெயர் ‘மிமி ஓ சுமசெபா’. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாடுகளில் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’. ஜிப்லி என்கிற அனிமே ஸ்டூடியோ 1995-ல் எடுத்தது. திரைக்கதை ஹயாவோ மியாசாகி, இயக்கியவர் யோஷிஃபுமி கோந்தோ. அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் இதுதான், 1998 ஜனவரியில் 47 வயதில் இறந்துபோனார்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு தனியாகப் போட்டேன். டோக்கியோவின் இரவு விளக்குகள், பின்னணியில் ஒரு ஆங்கிலப் பாட்டு. ஒரு பெண் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்குகிறாள். வீட்டுக்கு வந்தால் அம்மா, ஒரு பாலுக்குப் போய் ஏன் பிளாஸ்டிக் பை வாங்கினாய் என்று சலித்துக்கொள்கிறாள். அப்பா தட்டச்சுக் கருவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சின்ன அடுக்குமாடி வீடு, அக்காவும் தங்கையும் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில். சண்டை எப்போது வரும், ராட்சசன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் விழித்தபோது ஒரு கொழுத்த பூனை ரயில் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கனவு என்று நினைத்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். கனவு இல்லை, படத்தில் அந்தப் பூனை நிஜமாகவே தனியாக ரயிலில் போகிறது.

இதிலிருந்து முதல் பாடம்: இந்த மாதிரிப் படத்தை ராத்திரி பதினோரு மணிக்கு, வேலை முடிந்த களைப்பில் ஆரம்பிக்காதீர்கள். நம் படங்கள் நம்மை உலுக்கி எழுப்பிப் பழக்கியிருக்கின்றன, இது அப்படிச் செய்யாது. பகலில் பாருங்கள். முதல் அரைமணி நேரம் ‘கதை எங்கே’ என்று தேடாமல் அந்த வீட்டில் என்னென்ன சாமான் எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள், அதுவே போதும்.

ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஷிசுகு, நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு, புத்தகப் பைத்தியம். நூலகத்தில் எடுக்கிற புத்தகங்களுக்குள் இருக்கும், இரவல் வாங்கியவர் பெயர் எழுதுகிற அட்டையில் தனக்கு முன்னால் ஒரே பையனின் பெயர் திரும்பத் திரும்ப இருப்பதைக் கவனிக்கிறாள். அந்தப் பையன் செய்ஜி, வயலின் செய்கிறவனாக ஆக வேண்டும் என்று இத்தாலியின் கிரெமோனாவுக்கு இரண்டு மாதம் பயிற்சிக்குப் போகிறான். அவனுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது, நமக்கு என்ன இருக்கிறது என்கிற தவிப்பில் இவள் ஒரு கதை எழுத உட்கார்கிறாள். படிப்பைப் போட்டுவிட்டு எழுதுகிறாள். பள்ளியில் நூறு இடம் கீழே போகிறாள். இரண்டாம் பருவத்தில்!

அந்த நூறு இடம் என்று வந்ததும் நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன். “பாத்தியா, இதைத்தான் நானும் சொல்றேன்,” என்று ஆரம்பித்தேன். மகள் ஒன்றும் பேசாமல் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எந்த மொழியிலும் வசனம் தேவையில்லை. பதினான்கு வயசுப் பிள்ளையோடு படம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: ரிமோட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். படம் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நடுவில் புகுந்தால் அதன் பிறகு படம் சொல்வதும் கேட்காது, நீங்கள் சொல்வதும் கேட்காது. ஏதாவது சொல்லத் தோன்றினால் மூன்று நாள் கழித்துச் சோறு போடும்போது சொல்லுங்கள். பாதிக்கு மேல் அதற்குள் மறந்துபோயிருக்கும், அதுவும் நல்லதுதான்.

அப்புறம் அவளாக வந்து, “பேசாம பாக்கறதுனா பாக்கலாம்ப்பா,” என்றாள். சரி என்றேன்.

நான் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் அந்தக் காட்சி இருந்தது. ஷிசுகுவை அப்பாவும் அம்மாவும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். என்ன செய்துகொண்டிருக்கிறாய், சொல்ல முடியுமா என்று அப்பா கேட்கிறார். அவளால் சொல்ல முடியவில்லை, முக்கியமானது, இப்போதே செய்தாக வேண்டியது என்று மட்டும் சொல்கிறாள். கதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அப்பா யோசிக்கிறார். அவள் இஷ்டப்படி விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்கிறார். அம்மா, எனக்கும் அந்த வயசில் ஒன்றிரண்டு நடந்திருக்கிறது என்கிற மாதிரி முனகுகிறாள். பிறகு அப்பா சொல்கிறார், நீ நம்புகிறபடி செய்து பார், ஆனால் மற்றவர்கள் போல இல்லாமல் வாழ்வது அதற்குத் தக்க கஷ்டம், என்ன ஆனாலும் யார் மேலும் பழி போட முடியாது. அவ்வளவுதான். கத்தல் இல்லை, கட்டிப்பிடித்து அழுவது இல்லை.

எனக்கு அந்தக் குரல் ஏதோ செய்தது. நடிகர் பேசுகிற மாதிரியே இல்லை, ஏற்ற இறக்கம் இல்லாமல், கொஞ்சம் தட்டையாக, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன், அந்த அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் தகாஷி தாச்சிபானா. நடிகரே இல்லை, பத்திரிகையாளர். பிரதமர் ககுவெய் தனாகாவின் பண விவகாரத்தைத் தோண்டி 1974-ல் கட்டுரை எழுதி, அவர் பதவி விலகக் காரணமாக இருந்தவர். பழி, பொறுப்பு என்றெல்லாம் பேச இந்த ஆள் பொருத்தம்தான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். குரல் கொடுக்கப் பழகாத ஒருவரைக் கூட்டிவந்து அப்பாவாக ஆக்கியது எவ்வளவு சரியான யோசனை என்றும் தோன்றியது. நிஜ அப்பாக்களுக்கும் பழக்கம் கிடையாதே, ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரித்தான் பேசுகிறோம்.

வளர்கிற பிள்ளைகளைப் பற்றிய படம் என்று உட்கார்ந்தவன், படம் முழுக்க அந்த அப்பாவையும் அம்மாவையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கடைசிக் காட்சியில் விடியற்காலை மலை மேல் செய்ஜி அவளிடம் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்டான் பாருங்கள், எனக்குப் புரையேறிவிட்டது. நடுநிலைப் பள்ளிப் பையன்! மகள் என் முதுகைத் தட்டிவிட்டுச் சிரித்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. ஜூலைக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்னொன்று, பெயர்ப் பட்டியல் ஓடும்போது அணைத்துவிடாதீர்கள். சாலையில் ஆட்கள் போவதும் வருவதுமாகக் காட்டிக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் ஷிசுகுவின் தோழியின் சின்னக் கதை ஒன்று ஓசையில்லாமல் முடிகிறது.

வசன வரிகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது தமிழ்க்காரர்களுக்குப் பிரத்தியேகமாக உதவும். ஜப்பானிய வாக்கியம் நம் வாக்கியம் மாதிரியே ஓடும். ‘வதாஷி வா ஹோன் ஓ யோமிமாசு’ என்றால் ‘நான் புத்தகத்தை வாசிக்கிறேன்’, வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. வினைச்சொல் கடைசியில்தான் வரும், கேள்வி என்றால் நாம் கடைசியில் ‘ஆ’ போடுகிற மாதிரி அவர்கள் ‘கா’ போடுவார்கள். அதனால் பேசுகிறவர் வாக்கியத்தின் நடுவில் தயங்கினால், என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிற அந்த ஒரு கணம் நம் காதுக்கு இயல்பாகவே பிடிபடும். ஆங்கில வசன வரியோ மொத்தத்தையும் முதலிலேயே கொட்டிவிடுகிறது. அப்பா ‘ஆனால்...’ என்று இழுக்கும்போதே கீழே முழுசாகப் படித்து முடித்திருப்போம். முதல் தடவை வரிகளோடு பாருங்கள், கதை தெரிந்த பிறகு இரண்டாம் தடவை அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஜப்பானியம் ஒரு வார்த்தை தெரியாதவர்களுக்கும் சொல்கிறேன்.

பெயர் கூப்பிடுவதையும் கவனியுங்கள். இங்கே நெருக்கம் இல்லாதவர்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். செய்ஜி முதலில் அவளை ‘த்சுகிஷிமா’ என்கிறான், முடிவில் ‘ஷிசுகு’ என்கிறான். நம்மில் ‘நீங்க’ ஒரு நாள் ‘நீ’ ஆகிறதே, அதே சமாச்சாரம். இதை எந்த மொழியின் வசன வரியாலும் சரியாகக் கொண்டுவர முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

அப்பா சொல்கிற ‘கஷ்டம்’ என்ற இடத்தில் ஜப்பானியத்தில் வருவது ‘ஷிந்தோய்’. நான் படித்த பாடப்புத்தகத்தில் அந்த வார்த்தை இல்லை. சென்செயிடம், அதாவது டிவிடி கொடுத்த அந்த ஆசிரியரிடம் கேட்டேன். மாடிப்படி ஏறிவிட்டு நாற்காலியில் சரிகிற மாதிரி நடித்துக் காட்டினார். உடம்பு அலுத்துப்போவது, மனசு அலுத்துப்போவது, இரண்டும் சேர்ந்தது. ஆபத்து என்றோ தோற்றுப்போவாய் என்றோ அந்த அப்பா சொல்லவில்லை, அலுத்துப்போவாய் என்கிறார். எங்கள் பக்கத்தில் ‘சடைவு’ என்போம். மற்றவர்கள் மாதிரி இல்லாமல் இருந்தால் தினமும் ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லியே சடைந்துபோகும், நிஜம்தானே.

படத்தில் வருகிற பாட்டு அமெரிக்கப் பாட்டு, கன்ட்ரி ரோட்ஸ். ஷிசுகு அதை ஜப்பானியத்தில் எழுதுகிறாள். நிஜத்தில் எழுதியது படத்தின் தயாரிப்பாளர் தொஷியோ சுசுகியின் மகள், மியாசாகி அதில் கை வைத்தார். ஆங்கிலத்தில் அது வீட்டுக்குக் கூட்டிப்போ என்கிற பாட்டு. ஜப்பானியத்தில் அர்த்தம் தலைகீழாக மாறிவிடுகிறது: திரும்பிப் போக ஆசை, ஆனால் போக முடியாது, போய்வருகிறேன் சாலையே. மகள் அந்த வரிகளைத் தமிழில் சொல்லச் சொல்ல மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பால் பொங்குகிறது என்றாள். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தில் வருகிற இடத்தைப் பார்க்கப் போனோம். நகரத்தின் மேற்கே தாமா மலைப்பகுதி, செய்செகி சகுராகவோகா என்கிற ஸ்டேஷன். எங்கள் வீட்டிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து, ஷின்ஜுகு வழியாகக் கெய்ஓ லைனில் போக வேண்டும். ரயில் உள்ளே வரும்போது அந்தப் பாட்டின் மெட்டையே மணியாக ஒலிக்கிறார்கள். வெளியே படத்தில் வரும் பழம்பொருள் கடையின் வடிவத்தில் ஒரு தபால்பெட்டி வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அந்தக் கடையைத் தேடி அலைய வேண்டாம், அப்படி ஒரு கடை அங்கே கிடையாது. இரோஹாசாகா என்கிற வளைந்து வளைந்து ஏறும் சாலையும் அதைக் குறுக்கே வெட்டுகிற படிக்கட்டுகளும் உண்டு. நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், நான் ஆபீஸ் ஷூவில் போய் அவதிப்பட்டேன். அது முழுக்க ஆட்கள் குடியிருக்கிற தெரு, வாசல் வாசலாக நின்று செல்ஃபி எடுத்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மேலே நின்று பார்த்தால் மலையெல்லாம் வீடு. காட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி 1960-களிலிருந்து எழுப்பிய குடியிருப்புகள். படத்திலேயே ஷிசுகு அதைக் கிண்டல் செய்து, கான்கிரீட் சாலைதான் என் சொந்த ஊர் என்று ஒரு கேலிப் பாட்டு எழுதுவாள். மகள் அதைப் பாடிக்கொண்டே படியிறங்கினாள். கடலைத் தூர்த்து எழுப்பிய மண்ணில் வளர்கிறவளுக்கு அது கேலியா நிஜமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிவிடியைத் திருப்பிக் கொடுத்தபோது சென்செய், எப்படி இருந்தது என்று கேட்டார். பாராட்டாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் ‘ஷிந்தோய்’ என்றுதான் வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அப்பாவுக்கா, மகளுக்கா?” என்றார். அதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு என் ஜப்பானியம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

நவம்பரில் அந்தத் தொழிற்பள்ளியில் விருப்பம் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள், பெற்றோரும் வரலாம். மனைவிக்கு வேலை இருந்ததால் நான் போனேன். அதற்குள் நான் முழு மனசாகச் சம்மதித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அந்த 700-ஐயும் 300-ஐயும் ராத்திரி ராத்திரி கூட்டிக் கழித்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டறை முழுக்க மரவாசனை. சுவரில் இழைப்புளிகள் வரிசையாக மாட்டியிருந்தன, இங்கே அதைக் கன்னா என்கிறார்கள், கைப்பிடி இல்லாத ஒரு மரக்கட்டை, நடுவில் இரும்பு. ஆசிரியர் பெற்றோர்களையும் முயன்று பார்க்கச் சொன்னார். ஊரில் எங்கள் தெரு ஆசாரி வேலை செய்வதைத் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், இது என்ன பெரிய வித்தை என்று பலகை மேல் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினேன். கொரக் என்று சிக்கி நின்றுவிட்டது. இன்னும் அழுத்தித் தள்ளினேன், பலகையில் ஒரு காயம் விழுந்ததுதான் மிச்சம்.

மகள் வந்து என் கையை விலக்கி, கட்டையைத் திருப்பி வைத்தாள். “இங்க தள்ளக் கூடாதுப்பா. நம்ம பக்கமா இழுக்கணும்.” இழுத்தாள். வெங்காயச் சருகு மாதிரி, பின்னால் இருக்கிற வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு சீவல் சுருண்டு வந்தது. அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டாள்.